ஒரே உறையில ரெண்டு கத்தி எதுக்கு?

லினக்ஸ் பத்தி எழுதற நம்ம மக்கள் கிட்ட ஒரு புதுப் பழக்கம். "எஃப்எஸ்டேப்பா? அது தாத்தா காலத்து ஃபைல். எல்லாத்தையும் சிஸ்டம்டி மவுண்ட் யூனிட்டா எழுதுங்க"ன்னு ஆளாளுக்கு அட்வைஸ். படிச்சுப் படிச்சு கடுப்பாயிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

எந்த டிஸ்க் எந்த ஃபோல்டர்ல வந்து உட்காரணும்னு எழுதி வைக்கிற இடம்தான் /ஈடிசி/எஃப்எஸ்டேப். டிஸ்குக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு கட்டம். அவ்வளவுதான். மிஷின் பூட் ஆகலை, கையில ஒரு ரெஸ்க்யூ பென்டிரைவ் மட்டும்தான் இருக்குன்னு வைங்க. அந்த ஒரு ஃபைலைத் திறந்தா மொத்த ஜாதகமும் தெரிஞ்சிடும்.

யூனிட்டா எழுதினா? ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் ஒரு ஃபைல். பேரு கூட நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஃபோல்டரோட பாதையைத்தான் பேரா வைக்கணும், நடுவுல வர்ற சாய்கோடு சிறுகோடா மாறணும். ஃபோல்டர் பேர்லயே சிறுகோடு இருந்தா அது 'எக்ஸ்2டி'ன்னு வேற வேஷம் போடும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல இதைத் தட்டிப் பாருங்க, சுகம் தெரியும்.

அதைக்கூட பொறுத்துக்கலாம். என் கோபம் வேற. ஒரே ஃபோல்டருக்கு எஃப்எஸ்டேப்ல ஒரு வரி இருக்கு, /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டர்ல ஒரு யூனிட்டும் இருக்கு. யார் ஜெயிப்பாங்க? யூனிட்தான். அதே யூனிட் /யூஎஸ்ஆர் கீழ இருந்தா எஃப்எஸ்டேப் ஜெயிக்கும்! வேலையை விட்டுப் போன அட்மின் ஒரு யூனிட்டை எழுதி வச்சுட்டுப் போயிருப்பார். புதுசா வந்த பையன் ஒரு புது பேக்கப் டிஸ்கைச் சேர்த்து, எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, ரீபூட் பண்ணுவான். பழைய டிஸ்கே திரும்ப வந்து உட்காரும். அவன் எழுதின வரி கண்ணு முன்னாடி சரியாத்தான் இருக்கு. பேக்கப் எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?

"அதுதாங்க மாடர்ன்" என்பவர்களுக்கு: சிஸ்டம்டியோட மேனுவலே, மனுஷங்க எழுதறதுக்கு எஃப்எஸ்டேப்தான் ஏத்தது, யூனிட் எழுதறது டூல்களுக்குன்னுதான் சொல்லுது. நாம எழுதற வரியை பூட் நேரத்துல அதுவே யூனிட்டா மாத்தி /ரன் கீழ வச்சுக்குது. ஆட்டோமவுண்ட் வேணுமா? அதே வரியில நாலாவது கட்டத்துல ஒரு ஆப்ஷன் போதும்.

நிற்க. சிஸ்டம்டியைத் திட்டறவங்க இதைப் பார்த்து விசில் அடிக்க வேணாம். ஒரு காலத்துல, இப்ப என்னென்ன மவுண்ட் ஆகியிருக்குங்கற பட்டியலை /ஈடிசி/எம்டேப் ஃபைல்ல எழுதிட்டிருந்தாங்க. ரூட் ரீட்-ஒன்லியா போச்சுன்னா அந்தப் பட்டியல் பச்சைப் பொய் சொல்லும். இன்னிக்கு அது கெர்னல் தர்ற பட்டியலுக்கு ஒரு சிம்லிங்க், அவ்வளவுதான். 2011ல /ரன் வந்ததும் நல்லதுக்குத்தான். யூடெவ் ரூல்ஸையும் பாருங்க. டிஸ்ட்ரோ தர்றது /யூஎஸ்ஆர்/லிப் கீழ, நாம எழுதறது /ஈடிசி கீழ. ஒரே பேர்ல ரெண்டு இருந்தா நம்மளுதுதான் செல்லும். எவ்வளவு சுத்தமான ஏற்பாடு!

என் கட்சி இதுதான்: மனுஷன் எடுத்த முடிவு /ஈடிசில, டிஸ்ட்ரோ தர்ற சரக்கு /யூஎஸ்ஆர்ல, மிஷினோட கிறுக்கல் /ரன்ல. மவுண்ட்டுன்னா /ஈடிசிக்குள்ளயும் ஒரே ஒரு இடம், எஃப்எஸ்டேப்.

ஹவ்-டூ எழுதற மக்களே, உங்களை நம்பி காப்பி-பேஸ்ட் பண்றவன் இருக்கான். டிஸ்கை எஸ்டிஏ, எஸ்டிபின்னு எழுதாதீங்க, அந்த வரிசை மாறும். யூயூஐடி போடுங்க. கழட்டி மாட்டற டிஸ்குக்கு நோஃபெயில் சேர்த்துடுங்க. இல்லேன்னா டிஸ்க் இல்லாத அன்னிக்கு பூட் 90 செகண்ட் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும். சந்தேகம் வந்தா சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அடிச்சுப் பாருங்க, அந்த மவுண்ட் எந்த ஃபைல்லேர்ந்து வந்ததுன்னு காட்டிக் கொடுத்துடும்.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க தாராளமா பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஆனா ஆறு கட்டமும் என்னென்னன்னு பார்க்காம சொல்லிட்டு வாங்க :-)