பேரீச்ச மரத்தடியில்

ரோமானியப் பேரரசர்களின் வெண்கல நாணயங்களைச் சேகரிப்போர், பொறித்த முகத்தின் தெளிவைக் கொண்டே அவற்றுக்கு விலை வைக்கின்றனர். நமக்கு இதில் உடன்பாடில்லை. அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் புழங்கியவை செம்பும் பித்தளையுமே. அரசன் சொல்ல விரும்பியது எளியவர் கைக்கு அவற்றின் வழியே போய்ச் சேர்ந்தது.

கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்தது. மறு ஆண்டே வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டர்ஷியஸ் நாணயங்களில் ஒரு பேரீச்ச மரம். அதனடியில் அமர்ந்து அழும் பெண். 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்பது வாசகம். இதே செய்தியைக் கிரேக்க எழுத்தில் தாங்கிய காசுகள் யூதேயாவிலும் அடிக்கப்பட்டன. தோற்றவர் தம் தோல்வியை நீட்டித்தான் கடையில் பண்டம் வாங்க வேண்டியிருந்தது! இதைக் கலையழகு என்று மட்டும் வியப்பது எங்ஙனம்?

கி.பி. 132இல் பார் கொக்பாவின் தலைமையில் கிளர்ந்தெழுந்தோர் புழக்கத்திலிருந்த காசுகளையே எடுத்தனர். வெண்கலமாயின், பேரரசரின் முகத்தை அரத்தால் தேய்த்து, மேலே தம் முத்திரையை அடித்தனர். அங்கும் ஒரு பேரீச்ச மரம் உண்டு; அடியில் அழுவார் எவருமில்லை. சேகரிப்பாளரின் கணக்கில் இவை சிதைந்த காசுகளாக இருக்கலாம். நாம் முதலில் தேடிப் பார்ப்பது இவற்றைத்தான்.

135இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. புது முத்திரை சரியாகப் பதியாத சில காசுகளில் அடியிலிருந்த பழைய எழுத்துகள் இன்றும் தெரிகின்றன.