அம்மாவின் சிறுநீரகமும் நான்காம் படிவமும்

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பங்கிடும்போது, காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு (நோட்டோ) மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையை இந்த இதழ் வரவேற்கிறது. 2019 முதல் 2023 வரை நாட்டில் உயிருடன் இருப்போர் செய்த 56,509 உறுப்பு தானங்களில் 36,038 பெண்கள் செய்தவை. இந்தக் கணக்குக்கு உரை எழுதத் தேவையில்லை. ஆனால் அறிவுரையின் கண்ணில் பெண் படுவது அவர் நோயாளியாகிப் பட்டியலில் ஏறிய பிறகுதான். கொடையாளராக நம் அறையில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதை அது தொடவே இல்லை. குழந்தைகளுக்கான சிறுநீரகவியலில் இருக்கும் நமக்கு விவகாரமே அங்கேதான். நம் நோயாளிக்குச் சிறுநீரகம் தர முன்வருபவர் பெரும்பாலும் தாய். நோய்க்குக் காரணமான மரபணுவும் அவரிடமே இருக்கக்கூடும்.

எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ஆல்போர்ட் நோயையே எடுத்துக்கொள்வோம். மகனுக்கு நோய்; தாயை ‘வெறும் கேரியர்’ என்று குறித்துவிட்டு நகர்ந்த காலம் ஒன்று உண்டு. 2003இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த நிம்மதியைக் கலைத்தது. 40 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு ஆண்களில் 90% என்றால், ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வு உள்ள பெண்களில் 12%. வயது ஏற ஏற அது இன்னும் கூடும். இது இரண்டு சிறுநீரகங்களோடு வாழும் பெண்களின் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஆய்வில் இப்பெண்களில் 95% பேருக்குச் சிறுநீரில் ரத்த அணுக்கள் தென்பட்டன. கொடையாளர் பரிசோதனையில் டிப்ஸ்டிக்கில் ‘ஒரு பிளஸ்’ வருகிறது. மாதவிடாய் நாளாக இருக்கும், அடுத்த வாரம் திரும்பப் பார்ப்போம் என்கிறோம். அடுத்த வாரம் ‘டிரேஸ்’ என்று வந்தால் கோப்பு நகர்ந்துவிடுகிறது. மகனின் நோய்க்குப் பெயர் தெரிந்திருந்தால் அந்த ஒரு பிளஸ்ஸை யாரும் அப்படிக் கடந்திருக்க முடியாது.

சட்டம் மரபணுவை அறியாதது அல்ல. 2014ஆம் ஆண்டு உறுப்பு மாற்று விதிகளின்படி நெருங்கிய உறவினர் தானத்துக்குப் பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை, கொடுப்பவரும் பெறுபவரும் இன்னொரு உறவினரோடு நிற்கும் குடும்பப் புகைப்படம் என ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். அதிலும் ஐயம் தீராவிட்டால் டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பலாம். மரபணு உறவைச் சான்றளிக்கவே ஐந்தாம் படிவம் இருக்கிறது. இவர் தாய்தானா என்று அறிய அரசுக்கு டிஎன்ஏ வேண்டும். இந்தத் தாய் தானத்துக்குப் பின் நலமாக இருப்பாரா என்று அறிய வேண்டாம். கொடையாளரின் உடல்தகுதிக்கான நான்காம் படிவத்தில் குழந்தையின் நோய்க்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. உறுப்பு வணிகத்தைத் தடுக்க எழுதிய விதிகள் இவை, அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் விற்பவரைப் பிடிக்க இத்தனை கண்ணிகள் வைத்தவர்கள், பாசத்தால் கொடுப்பவரைக் காக்க ஒரு வரிகூடச் சேர்க்காமல் இத்தனை ஆண்டுகளைக் கடத்தியதை என்னவென்று சொல்வது? ஏதாவது கேட்டால் ‘சிகிச்சை முடிவு மருத்துவருடையது’ என்ற பதில் தயாராக இருக்கும். மரபணுப் பரிசோதனையின் செலவு மட்டும் குடும்பத்தினுடையது.

டயாலிசிஸில் வாடும் குழந்தை மரபணு அறிக்கைக்காகக் காத்திருக்க முடியாது என்பார்கள். ஆனால் கொடையாளர் பரிசோதனைகளும் சட்டப்படியான ஒப்புதலும் எப்படியும் பல வாரங்களைத் தின்கின்றன. நோய் கண்டறிந்த அன்றே ரத்தம் அனுப்பினால் அறிக்கை முன்னதாகவே வந்திருக்கும். அறிக்கையில் பொருள் உறுதியாகாத மாற்றங்கள் வரலாம் என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது. நம் மக்களின் மரபணுத் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவு. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் தரவு இப்போதுதான் ஆய்வாளர் கைக்கு வருகிறது. அத்தகைய அறிக்கையை வைத்துத் தாயை விலக்கக் கூடாது என்பது சரி. ஆனால் பரிசோதனையின் வேலை விலக்குவது மட்டுமல்ல. பொடோசின் பிறழ்வு, நெஃப்ரோனோஃப்தைசிஸ் போன்ற ஒடுங்கு வகை நோய்களில் பெற்றோர் தானம் செய்யத் தடையில்லை என்று துணிவு தருவதும் அதே அறிக்கைதான். ஸ்டீராய்டுக்கு இணங்காத நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் 1,783 குடும்பங்களை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு 29.5% குடும்பங்களில் ஒற்றை மரபணுக் காரணத்தைக் கண்டது. அந்தக் குழந்தைகளுக்கு மாற்றுச் சிறுநீரகத்தில் நோய் திரும்பும் அச்சமும் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் இங்கு மிகுதி. ஒடுங்கு வகை ஆல்போர்ட்டில் பெற்றோர் இருவரிடமும் பிறழ்வு இருக்கும். ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களுக்கும் இந்நோயில் ஆபத்து இல்லாமல் இல்லை. தாய் வேண்டாமென்று மாமாவையோ பாட்டியையோ அழைத்தால் அவர்களும் அதே மரபணுக் கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் கொடையாளர் கிடைக்க மாட்டார் என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. எல்லாம் தெரிந்த பின்பும் கொடுப்பேன் என்று தாய் சொல்லலாம். வேறு வழியில்லாதபோது அதை ஏற்கவும் இடமுண்டு. தெரிவிக்காமல் வாங்குவதற்குப் பெயர் சம்மதம் அல்ல. ஆகவே நோட்டோவிடம் கேட்பது இரண்டு வரிகள்தான், இரண்டும் நான்காம் படிவத்தில்: குழந்தையின் நோய்க்கு மரபணுக் காரணம் தேடப்பட்டதா, இல்லையென்றால் ஏன்; கொடையாளரிடம் அது உள்ளதா. அந்தப் பரிசோதனைக்கான செலவை மாற்று அறுவைக்கான காப்பீட்டுத் தொகுப்புக்குள்ளேயே சேர்ப்பது மாநில அரசுகளின் பொறுப்பு. படிவம் திருத்தப்படும் வரை, அது கேட்காவிட்டாலும் கொடையாளரின் கோப்பில் இந்த இரண்டு விடைகளையும் எழுதிக் கையெழுத்திட நம்மை யாரும் தடுக்கவில்லை.