வெள்ளி நீர் மருந்தாகுமா?

இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஆசிரியப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் பையிலிருந்து பழுப்பு நிறப் புட்டியொன்றை எடுத்து என் கையில் வைத்தார். "வெள்ளி நீர், ஐயா. நானே வீட்டில் செய்தது. காலையில் ஒரு குவளை அருந்துங்கள், எந்த நோயும் அண்டாது" என்றார். "இதில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "அதையெல்லாம் யார் அளக்கிறார்கள்? நீர் இலேசாக மஞ்சளித்ததும் நிறுத்திவிடுவேன்" என்றார். அந்தச் சிரிப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

செய்முறை எளியதுதான். 9 வோல்ட் மின்கலங்கள் மூன்றை வரிசையாக இணைத்தால் 27 வோல்ட் கிடைக்கும். இரு முனைகளிலும் தூய வெள்ளிக் கம்பிகளைப் பொருத்திக் காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்தினால், நேர்முனைக் கம்பி சிறிது சிறிதாகக் கரையும். வெள்ளி அயனிகளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களும் நீரில் பரவும். இதனையே கூழ்ம வெள்ளி என்று பெயரிட்டு அழைக்கின்றனர். பள்ளி மாணவனும் செய்துவிடக் கூடிய இச்சோதனையைக் கண்டு, 'இத்துணை எளிதாகக் கிடைக்கும் மருந்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஏன் அலைய வேண்டும்?' என்று கேட்பவர்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். செய்வதற்கு எளியது என்பதாலேயே ஒரு பொருள் உண்ணத் தக்கதாகிவிடுமா?

வெள்ளிக்குக் கிருமி கொல்லும் ஆற்றல் உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. செருமானிய மருத்துவர் கிரெடே, பச்சிளங்குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலைத் துளியாக இட்டுப் பார்வையிழப்பைத் தடுத்த முறையை 1881இல் வெளியிட்டார். வெள்ளி சல்பாடயசின் என்னும் களிம்பு 1960களின் இறுதி முதல் தீப்புண்களுக்குப் பயன்பட்டு வந்துள்ளது. ஆனால் இவை புறத்தே இடப்படுபவை, அளவு வரையறுக்கப்பட்டவை, மருத்துவர் கண்காணிப்பில் கையாளப்படுபவை. புண்ணில் தடவுவது வேறு, வயிற்றுக்குள் ஊற்றுவது வேறு என்பதை விளக்கவும் வேண்டுமோ?

"நம் முன்னோர் வெள்ளிப் பாலாடையில் குழந்தைக்குப் பால் புகட்டவில்லையா? சித்தர்கள் வெள்ளி பற்பம் தரவில்லையா?" என்று சிலர் மடக்குவர். பாலாடையில் மின்கலத்தை இணைத்து எந்தப் பாட்டியும் பால் புகட்டியதில்லை! சித்த மருத்துவரோ நாடி பார்த்து, அளவு சொல்லி, பத்தியம் விதித்துப் பற்பம் தந்தார். அளவும் பத்தியமும் அறியாத ஒருவர் சமையலறை மேசையில் வடிப்பதற்கு அம்மரபைச் சான்றாகக் காட்டுவது, மரபைப் போற்றுவதாகாது. அதன் பெயரைக் களவாடுவதாகும்.

அளவைக் கணக்கிட்டே பார்ப்போம். 1834இல் பாரடே வெளியிட்ட மின்பகுப்பு விதிப்படி, ஒரு மில்லியாம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் வெள்ளியைக் கரைக்கும். வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொண்டாலும் கேடு நேராது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்ட அளவோ, 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 0.3 மில்லிகிராம். கரைந்த வெள்ளி அதனினும் 13 மடங்கு! அதில் எவ்வளவு நீரில் நின்றது, எவ்வளவு எதிர்முனையில் படிந்தது என்பதை மஞ்சள் நிறத்தைப் பார்த்த கண் சொல்லிவிடுமா?

மிகுந்து சேரும் வெள்ளி, தோலில் படிந்து ஒளிபட்டுக் கறுக்கிறது. பழைய நிழற்படத் தாளைக் கறுக்கச் செய்த அதே வேதியியல்தான் இங்கே மனிதத் தோலில் நிகழ்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டேன் ஜோன்ஸ் என்பவர், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் பழுதாகி மருந்துத் தட்டுப்பாடு நேரும் என்று அஞ்சி, 1999 முதல் வெள்ளி நீரைத் தாமே செய்து அருந்தினார். 2002இல் அவர் செனட் தேர்தலில் வேட்பாளராக நின்றபோது உலகம் கண்டது நீலச்சாம்பல் படர்ந்த முகத்தை! அவர் அஞ்சிய தட்டுப்பாடு வரவேயில்லை. வந்த நிறமோ போகவேயில்லை.

கேடு நிறத்தோடு நிற்பதுமில்லை. வெள்ளி நீர், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் தைராய்டு மருந்தும் உடலில் சேர்வதைத் தடுக்கக் கூடும். நோய் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படுவது, நோய் தீர்க்கும் மருந்தையே முடக்கினால் அதற்கு என்ன பெயர்?

"இவையெல்லாம் மருந்து நிறுவனங்களின் சூழ்ச்சி" என்பது அடுத்த வாதம். வெள்ளிக் கம்பியும் கருவியும் விற்பவர்கள் மட்டும் அறச்சாலை நடத்துகின்றனரா? கூழ்ம வெள்ளி கலந்த மருந்துகளைப் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்க இயலாது என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1999இலேயே அறிவித்தது. 2020இல் கோவிட் நோயைத் தீர்க்கும் என்று இதனை விற்றவர்களும் எச்சரிக்கப்பட்டனர். நம் மலேசியாவிலும் பதிவு பெற்ற மருந்தின் உறையில் பதிவு எண் இருக்கும். நண்பரின் புட்டியில் பெயர்ச்சீட்டுக்கூட இல்லை!

ஆசிரியப் பெருமக்களே! ஊரார் நம் சொல்லை நம்புகின்றனர். 'வாத்தியார் கொடுத்தார்' என்பதற்காகவே அப்புட்டியைத் திறப்போர் உண்டு. எனவேதான் பிறர் செய்வதைவிட நாம் செய்யும் பிழை பெரிது. அந்த மின்கலங்களையும் கம்பிகளையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள். கம்பி கரைவதை மாணவர்க்குக் காட்டுங்கள். மின்னோட்டத்தை அளந்து, கரைந்த வெள்ளியைத் தமிழிலேயே கணக்கிடச் சொல்லுங்கள். பின்னர் அந்நீரை எவரும் அருந்தாவண்ணம் அகற்றிவிடுங்கள். அப்போது அது நல்ல அறிவியல் பாடம். குவளையில் ஊற்றினாலோ மூடநம்பிக்கை.

'மருந்து' என்று தலைப்பிட்ட 95ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் எந்த மருந்துப் பொருளின் பெயரையும் சொல்லவில்லை; அளவறிந்து உண்பதையே வற்புறுத்துகிறார். குறளைக் கற்பிக்கும் நாம், 'எவ்வளவு?' என்ற கேள்விக்குச் சிரிக்கலாமா?