தீ என்னும் ஒரு சொல்



அயல்நாட்டுப் புதினம் ஒன்றை இவ்விதழில் எடுத்துப் பேசுவது நம்மனோர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். அப்புதினம் இரு மொழிகளைக் கலந்தெழுதப்பெற்றது என்றறிந்தால் வெகுளியும் எழலாம். மொழிக்கலப்பைத் தீதென்று இடைவிடாது எழுதிவரும் நாம் இத்தகைய நூலைப் பாராட்டுவது முறையோ எனக் கேட்பார்க்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

சூனோ தீயாசு என்பார் 1968-இல் தொமினிக்கக் குடியரசின் தலைநகராகிய சாந்தோ தொமிங்கோவில் பிறந்தவர். ஆறு அகவையில் குடும்பத்தோடு அமெரிக்க நாட்டின் நியூ செர்சி மாநிலத்தில் குடியேறியவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஆசுகர் வாவோவின் குறுகிய வியத்தகு வாழ்வு’ என்னும் புதினம் 2007-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசினைப் பெற்றது. கதைத்தலைவன் ஆசுகர் பருத்த உடலினன். விண்வெளிக் கதைகளிலும் மாயக் கதைகளிலும் மூழ்கிக் கிடப்பவன். காணும் பெண்களையெல்லாம் காதலித்து, ஒருத்தியின் காதலையும் பெறாதவன். இதைக் கொண்டு காதற்பித்தன் ஒருவனின் நகைப்புக் கதையென இந்நூலைக் கொள்வாரும் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. குடிபெயர்ந்தார் பிள்ளைக்கு எந்த மொழி எஞ்சுகிறது என்பதே இந்நூலின் அடிக்கிடக்கும் வினா என்பது எம் கருத்து.

அவ்வினாவின் வேர் அத்தீவின் வரலாற்றிலேயே உள்ளது. 1930 முதல் 1961-இல் சுட்டுக் கொல்லப்படும் வரையில் அந்நாட்டைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தவன் துருகியோ என்னும் கொடுங்கோலன். நானூறாண்டுப் பழமை வாய்ந்த தலைநகரின் பெயரையே 1936-இல் அழித்துத் தன் பெயரைச் சூட்டினான். 1937-இல் அவன் ஏவலால் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஐத்தி நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஐத்தியர் யார், தொமினிக்கர் யார் என நிறத்தால் பிரித்தறிய இயலாதவிடத்துப் படைஞர் ஒரு கீரைக் கட்டினைக் காட்டி, ‘இதன் பெயர் யாது?’ என வினவினர் என்பர். நம் கொத்துமல்லியை ஒத்த அக்கீரைக்கு இசுப்பானிய மொழியில் ‘பெரெகில்’ என்று பெயர். அச்சொல்லின் நடுவில் நிற்கும் ரகரத்தை இசுப்பானியர்போல் ஒலிக்க அறியாதவன் தலை உருண்டது. மொழி வெறும் கருவியே, எம்மொழியில் பேசினால் என்ன என்று நம்மிடம் கேட்கும் அறிவாளிகள் இந்நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. ஒரேயோர் எழுத்தின் ஒலியே ஈண்டு உயிருக்கு விலையாயிற்று.

ஈண்டு மற்றொன்றையும் மறைக்காது கூறவேண்டும். அவ்விசுப்பானியமும் அத்தீவுக்கு வந்தேறிய மொழியே. 1492-இல் கொலம்பசு கால்வைத்தபின், அங்கு முன்னரே வாழ்ந்த தைனோ மக்கள் அழிந்தனர். அவர்தம் மொழியும் அழிந்தது. அந்த அழிவின்மேல் நின்ற மொழியே பின்னர்க் குடிபெயர்ந்தார் நாவில் தாய்மொழியாய்த் தவிக்கின்றது.

புதினத்தில் ஆசுகரின் பாட்டன் அபெலார்து மருத்துவர், கற்றறிந்தவர். தம் மூத்த மகளைக் கொடுங்கோலன் கண்ணிற் படாமல் மறைத்து வைத்தார். விளைவு சிறை. குடும்பம் சிதைந்தது. அவர் நூல்களும் தாள்களும் ஒழிக்கப்பட்டு, அவர் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாளும் எஞ்சவில்லை. கடைசி மகளாகிய பெலி, முதுகில் தீப்புண் வடுவோடு உறவினள் ஒருத்தியால் மீட்கப்பட்டு வளர்ந்து, காதலால் கரும்புக் காட்டில் அடியுண்டு, உயிர்பிழைக்க அமெரிக்கா சேர்கிறாள். அவளே ஆசுகரின் தாய். அவள் இவற்றுள் எதனையும் தன் மக்களுக்கு வாய்திறந்து கூறுவதில்லை. இந்நூலுள் எம்மை மிகவும் வருத்திய பகுதி இதுவே. மொழியிருந்தும் வரலாறு சொல்லப்படாத வீட்டில் வளரும் பிள்ளை எதைப் பற்றிக்கொள்வான்? ஆசுகர் அயலார் புனைந்த விண்வெளிப் பேரரசுகளைப் பற்றிக்கொண்டான்.

அவன் பேச்சோ நூல்நடையில் அமைந்தது. பெருஞ்சொற்களை அடுக்கி அவன் பேசுந்தோறும் தெருப் பிள்ளைகள் எள்ளி நகையாடுகின்றனர். (பேருந்தில் ‘நடத்துநரே, ஒரு பயணச்சீட்டு’ என்று கேட்டு அனைவரும் திரும்பிப் பார்க்கப்பெற்ற நம் அன்பர்க்கு அவ்வெள்ளல் புதிதன்று.) வெள்ளையர் அவனை வெள்ளையனாகக் கருதவில்லை, தொமினிக்கரோ ‘நீ நம்மவனல்லை’ என்கின்றனர். அவன் தான் தொமினிக்கனே என்று இசுப்பானியத்திலேயே மறுத்துரைக்கின்றான், கேட்பார் இலர். ‘வாவோ’ என்பதும் அவன் குடிப்பெயரன்று. ஒருநாள் அவன் பூண்டிருந்த கோலங்கண்டு ஆங்கில எழுத்தாளர் ஆசுகர் வைல்டு போலிருக்கின்றான் என ஒருவன் கூற, அப்பெயரை இசுப்பானிய நாவினன் ஒருவன் ‘வாவோ’ எனத் திரித்து ஒலிக்க, அதுவே பட்டப்பெயராய் ஒட்டிக்கொண்டது. சில கிழமைகளில் அவனே அப்பெயருக்கு விடையிறுக்கத் தொடங்கிவிட்டான்.

இனிக் கலப்பினைப் பற்றி. இந்நூல் ஆங்கில நூலாயினும் பக்கந்தோறும் இசுப்பானியச் சொற்கள் வருகின்றன. அவற்றுக்குப் பொருள் தரப்படவில்லை. சாய்வெழுத்தால் பிரித்துக் காட்டப்படவுமில்லை. இறுதியில் அகரவரிசையும் இல்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவன் தடுக்கித் தடுக்கித்தான் படிக்கவேண்டும். 1916-இலும் 1965-இலும் தொமினிக்க மண்ணில் படையிறக்கிய நாடு அமெரிக்கா. அந்நாட்டின் மொழிக்குள் தன் தாய்மொழியைத் தலைகுனியாமல் நடக்கவிட்டிருக்கின்றார் ஆசிரியர். நம் நாட்டிலோ, தன் வீட்டில், தன் மக்களிடையே, வேண்டாதவிடத்தும் ஆங்கிலச் சொல்லைப் பெருமைக்காக அழைத்து வந்து நடுக்கூடத்தில் அமர்த்துகின்றனர். இரண்டும் கலப்பே, ஆயினும் ஒன்று எதிர்ப்பு, மற்றொன்று பணிவு. எனினும், இத்துணை உணர்வுடையார் நூலை இசுப்பானியத்திலேயே எழுதியிருத்தல் ஆகாதோ எனும் குறை எமக்கு உண்டு. ஆறு அகவையில் பெயர்க்கப்பட்ட நாற்று அது. ஆகலின் குறையை அவர்மேல் முழுதுஞ் சுமத்தோம். கதை கூறுவோனாகிய யூனியர் பெண்டிரைப் பற்றி உரைக்கும் இழிசொற்களையோ நாம் எவ்வாற்றானும் ஏற்கவில்லை. அவற்றுட் பாதி கதைக்கு வேண்டப்படாதவை.

முடிவிடம் வருகின்றது. தாயின் நாட்டுக்குச் செல்லும் ஆசுகர் ஈபோன் என்னும் விலைமகளைக் காதலிக்கின்றான். அவளுக்கு உரியவனெனத் தன்னைக் கருதும் காவற்படைத் தலைவனின் ஆட்கள் அவனைக் கரும்புக் காட்டிற்குக் கொண்டு செல்கின்றனர். சாகுமுன் அவர்களிடம் தன் காதலைப் பற்றிப் பேசுகின்றான். வாழ்நாளெல்லாம் தடுமாறிய அவன் இசுப்பானியம் அன்று ஒருநாள் மட்டும் செம்மையாக வருகின்றது! பேசி முடித்ததும், ‘புவேகோ’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்னவென்று கூறினால் விட்டுவிடுவதாகக் கொலைஞர் சொல்கின்றனர். அச்சொற்குத் தீ என்று பொருள். அவனும் தன்னையறியாது ஆங்கிலச் சொல்லைக் கூறிவிடுகின்றான். நம் மொழியில் சுடுதல் என்பது தீயின் தொழிலுக்கும் சுடுகலனின் தொழிலுக்கும் பொதுவாதல் போல, அவ்விரு மொழிகளிலும் தீயைக் குறிக்குஞ் சொல்லே சுடுமாறு ஏவும் சொல்லுமாகும். அவன் வாயாலேயே ஏவல் பிறந்துவிட்டது.

பாட்டன் காலத்தில் ஒரு சொல்லை ஒலிக்கத் தெரியாதவர் மாண்டனர். பெயரன் ஒரு சொல்லை மொழிபெயர்க்கத் தெரிந்ததனால் மாண்டான். திறனாய்வாளர் பலர் துருகியோவைப் பற்றிய அடிக்குறிப்புகளைப் புகழ்வதில் காட்டும் ஊக்கத்தை இவ்விடத்தே காட்டாமை எமக்கு வருத்தமே.

இந்நூலைத் தமிழாக்க முனையும் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலப் பகுதி முழுவதையும் நல்ல தமிழில் தருக. இசுப்பானியச் சொற்களை, பொருள் தாராது, அப்படியே நிறுத்துக. அக்கரும்புக் காட்டில் அவன் வாயினின்று வரும் கடைசி ஆங்கிலச் சொல்லை மட்டும் தமிழாக்க வேண்டா. ‘தீ’ என்றெழுதினால் அவன் செத்ததன் கரணியம் படிப்பார்க்கு விளங்காது. அவ்வோரிடத்தில் ‘பயர்’ என்றே அச்சிடுக. தனித்தமிழ்க் கொள்கையுடைய யாமே இதனைச் சொல்கின்றோம்.