நூற்றில் ஒரு பங்கு

ஒரு விநாடியை நூறு கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றினை முன்னிட்டு ஒருவனை வென்றவன் என்றும் மற்றொருவனைத் தோற்றவன் என்றும் கூறுதல் நீதியாகுமோ? இவ்வினா விளையாட்டரங்குகளிற் பலகாலும் எழுவதேயாயினும், ஒலிம்பிக் விழாவின் ஆடவர் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலைப் பொறுத்தவரை அது பெருங்கூர்மை பெற்று நிற்கின்றது. அப்போட்டியின் பொற்பதக்கம் 1988ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு விநாடியினால் ஒருவர்க்கு உரியதாகி மற்றொருவர்க்கு இல்லையாயிற்று. 2016ஆம் ஆண்டிலோ வெள்ளிப் பதக்கத்தை மூவர் ஒருங்கே பெற்றனர். முன்னைய இரண்டும் கொடுமை என்பாரும், பின்னையது குழப்பம் என்பாரும் உளர். யாம் அவ்விரு திறத்தாரோடும் மாறுபடுகின்றோம். இம்மூன்று தீர்ப்புக்களும் ஒரே நீதியின்பாற்பட்டன என்பதே எம் துணிபு.

முதற்கண் இந்நீச்சலின் இயல்பை அறிதல் வேண்டும். இதில் இரு கைகளும் ஒருங்கே நீரின்மேல் எழுந்து முன்னோக்கி வீசப்படும். இரு கால்களும் மீனின் வாலெனச் சேர்ந்து அடிக்கும். சுவரைத் தொடுங்காலும் இரு கைகளும் ஒருசேரத் தொடுதல் வேண்டும். 1930ஆம் ஆண்டுகளில் மார்பு நீச்சலின் மாற்றுருவாக வளர்ந்த இது, 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிலே முதன்முறையாகத் தனிப் போட்டியாயிற்று. ஆடவர் 100 மீட்டர் போட்டி 1968ஆம் ஆண்டு மெக்சிகோவிற் சேர்க்கப்பட்டது. கை பட்ட கணத்தைத் தானே குறிக்கும் மின் தொடுபலகை ஒலிம்பிக்கில் இடம்பெற்றதும் அவ்விழாவிலேயாம்.

ஒரு கை மாற்றி ஒரு கை வீசும் நீச்சலில் ஏதேனும் ஒரு கை எப்பொழுதும் முன்னே சென்றுகொண்டிருக்கும். வண்ணத்துப்பூச்சி நீச்சலிலோ இரு கைகளும் ஒருங்கு போய் ஒருங்கு மீள்வன. ஆதலின், சுவர் அண்மையில் வந்தும் கை எட்டாத ஓர் இக்கட்டு நீந்துவோனுக்கு நேரும். அப்பொழுது அவன் இரண்டிலொன்றைத் தெரிதல் வேண்டும்: கைகளை நீட்டியபடியே வழுக்கிச் சென்று தொடலாம்; அன்றி, இளைத்த தோள்களைக் கொண்டு இன்னும் ஒரு குறுவீச்சு வீசலாம். இத்தெரிவிலேதான் யாம் கூறவந்த பொருளின் உயிர் அடங்கியுளது.

1988ஆம் ஆண்டு சியோல் நகரில் அமெரிக்கராகிய மாட் பியாந்தி முன்னணியில் வந்துகொண்டிருந்தார். இறுதியில் அவர் மேற்கூறிய இக்கட்டிற்பட்டு வழுக்கிச் செல்லலைத் தெரிந்தார். அவரை அடுத்து வந்த அந்தோணி நெஸ்டி முந்தித் தொட்டார். நெஸ்டியின் நேரம் 53.00 விநாடி, பியாந்தியின் நேரம் 53.01. தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள சூரிநாம் என்னும் சிறு நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. நீச்சலில் ஒலிம்பிக் பொன் வென்ற முதற் கறுப்பின ஆடவரும் நெஸ்டியே.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பெய்ஜிங் நகரில் செர்பியராகிய மிலோராட் சாவிச் முதல் ஐம்பது மீட்டரை அனைவர்க்கும் முன்னே முடித்துத் திரும்பினார். மைக்கேல் பெல்ப்ஸ் ஏழாமவராகவே திரும்பினார். சுவரை அணுகுங்கால் சாவிச் கைகளை நீட்டி வழுக்கினார். பெல்ப்ஸோ அரை வீச்சு மிகையாக வீசி அறைந்து தொட்டார். 50.58, 50.59 என நேரங்கள் பலகையில் தோன்றின. கண்ணாற் கண்டோர் பலர் சாவிச்சே முந்தினார் என்றனர். செர்பியர் முறையிட்டனர், நீரடிப் படங்கள் ஆராயப்பட்டன, தீர்ப்பு மாறவில்லை. அலைகள் மோதுவதைக் கையென்று கொள்ளாதவாறு, தொடுபலகை ஓரளவு அழுத்தத்திற்கே இசைவதாக அமைக்கப்பட்டுளது. வருடிச் செல்லும் விரலை அஃது அறியாது. அழுத்திய கையையே அறியும்.

இவ்விரு போட்டிகளிலும் நூற்றில் ஒரு பங்கு என்பது குருட்டு வாய்ப்பன்று. அது மனிதன் செயலின் விளைவு. ஒருவர் முடிந்தது எனக் கருதிக் கைநீட்டினார். மற்றவர் முடியவில்லை எனக் கருதி மீண்டும் வீசினார். அச்செயல் வேறுபாட்டைக் கருவி உள்ளவாறே உரைத்தது. கண்ணை மட்டும் நம்பியிருந்த காலத்தில் நேர்ந்ததை நினைவுகூர்தல் நன்று. 1960ஆம் ஆண்டு ரோம் நகரில், 100 மீட்டர் கட்டற்ற நீச்சலில், கைக்கடிகாரம் பிடித்த மூவரும் லான்ஸ் லார்சனுக்கே குறைந்த நேரம் குறித்தனராயினும், நடுவர் பொன்னை ஜான் டெவிட்டுக்கு அளித்தனர். அப்பூசல் நெடுநாள் தணியவில்லை. ஆதலின், செயலின் வேறுபாட்டை மெய்யாகக் காட்டும் அளவு எத்துணை நுண்ணிதாயினும் அதனை மதித்தலே முறை.

ஆயின், நுண்மைக்கு எல்லையில்லையோ? உண்டு. 1972ஆம் ஆண்டு மியூனிக் நகரில், வண்ணத்துப்பூச்சி முதலாக நால்வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் 400 மீட்டர் கலவைப் போட்டியில், சுவீடன் நாட்டுக் குன்னார் லார்சன் 4 நிமிடம் 31.981 விநாடியிலும், அமெரிக்கர் டிம் மக்கீ 4 நிமிடம் 31.983 விநாடியிலும் முடித்தனர். ஆயிரத்தில் இரண்டு பங்கினால் மக்கீ பொன்னை இழந்தார். நூறு மீட்டரை ஐம்பது விநாடியில் நீந்துவோன் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியிற் கடப்பது இரண்டே மில்லிமீட்டர். நீர்த்தடங்களின் நீளமோ அதனினும் மிகுதியாக ஒன்றுக்கொன்று வேறுபடலாம் என்று குளம் அமைக்கும் விதிகளே இடந்தருகின்றன. எனவே, அந்நுண்ணளவு அளந்தது நீந்தியவனையோ, சுவர் எழுப்பிய கொத்தனையோ, யாரறிவார்? இதனை உணர்ந்து பின்னர் விதியை மாற்றினர். நூற்றில் ஒரு பங்கிற்கு அப்பால் நோக்குதல் ஒழிந்தது.

அம்மாற்றத்தின் இனிய பயனை 2016ஆம் ஆண்டு ரியோ நகரிற் கண்டோம். சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் முடித்துத் தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பொன்னை வென்றார். அவர்க்குப் பின்னே பெல்ப்ஸ், தென் ஆப்பிரிக்காவின் சாட் லெ குலோ, அங்கேரியின் லாஸ்லோ சே ஆகிய மூவரும் 51.14 என்னும் ஒரே நேரத்தில் தொட்டனர். மூவரும் ஒரே படியில் நின்று வெள்ளி பெற்றனர். வெண்கலம் எவர்க்கும் இல்லை. கருவி இன்னும் நுண்ணிதாகப் பிரிக்க வல்லதே, ஆயினும் பிரிக்கவில்லை. அறியாமையாற் பிரியாதிருத்தல் வேறு. அறிந்து அடங்குதல் வேறு.

தமிழ் பயிலும் எமக்கு இவ்வடக்கம் புதிதன்று. நம் இலக்கண நூலார் ஒலியின் அளவை மாத்திரையால் அளந்து, அரை எனவும் கால் எனவும் பகுத்து, மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரை கூறி, அவ்வளவில் நின்றனர். செவி பிரித்தறியாததை ஏட்டிற் பிரித்தெழுத அவர் முற்படவில்லை.

நிற்க. யாம் பள்ளியிற் பயின்ற காலத்தில், ஐந்நூற்றுள் ஒரு மதிப்பெண் குறைந்தமையால் முதற்பரிசை இழந்த தோழன் ஒருவன் இருந்தான். ஒரே கட்டுரையை இரு தேர்வாளர் திருத்தினால் ஐந்து மதிப்பெண் வேறுபடுதல் எவரும் அறிந்ததே. அவ்வொரு மதிப்பெண் அவன் செயலால் வந்ததோ, திருத்திய கையால் வந்ததோ, கூறுவார் இல்லை. பாராட்டும் புத்தகமும் ஒருவனுக்கே சென்றன. எம் தோழன் அன்றுமுதல் கட்டுரை எழுதுதலையே வெறுத்தான்.

நம் கல்லூரிப் பரிசுகளைத் தெரிவோர் நீச்சற்குளத்து விதியைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக என வேண்டுகின்றோம். மாணவன் கூடுதலாக வீசிய வீச்சினை எத்துணைச் சிறிதாயினும் கணக்கிற் கொள்க. அளவுகோலின் நடுக்கத்தை மாணவன் தலையிற் சுமத்தற்க. இரண்டையும் பிரித்தறிய இயலாதவிடத்து இருவரையும் ஒரே படியில் நிறுத்துக. மூன்று பேர்க்கு இடமளித்த படி அன்று இடிந்து விழவில்லை.