எடைக்குப் போகாத காகிதக் கூடை

இளையாத்தங்குடி மாதிரி ஒரு செட்டிநாட்டு ஊரில், பழைய வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேக்கு அலமாரிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில் விலை உண்டு. பித்தளை அண்டா எடைக்குப் போகும். மங்குச் சாமான்களைக்கூட ஆள் தேடி வந்து வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியில் உள்ளறை மூலையில் ஒரு சாமான் மிஞ்சும். பார்த்தால் பானை மாதிரி இருக்கும். தூக்கினால் கனமே இருக்காது. காகிதக் கூழில் செய்த கூடை! பழைய பேப்பராகவும் எடைக்குப் போகாது, பழம்பொருளாகவும் விலை போகாது. நேராகக் குப்பைக்குத்தான் போகும்.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலமாரி ஆசாரி செய்தது; மங்கு கப்பலில் வந்தது. அந்தக் கூடையோ வீட்டுப் பெண்கள் தங்கள் கையாலேயே செய்தது.

ஆட்டுரலில் அரைத்த காகிதம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? பழைய காகிதத்தைக் கிழித்து, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊற வைப்பார்கள். நன்றாக ஊறியதும் பிழிந்து, ஊற வைத்த வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் மைய அரைப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்பு பசையாகப் பிடிக்கும். அதன் கசப்புக்குப் பூச்சி வராது என்பார்கள். சிலர் நிறத்துக்காக மஞ்சளும் சேர்ப்பது உண்டு.

பிறகு ஒரு குடத்தையோ பானையையோ கவிழ்த்து, ஒட்டாமல் இருக்க மேலே துணி போர்த்தி, கூழை ஒரே கனமாக அப்பி வெயிலில் வைப்பார்கள். காய்ந்ததும் கழற்றினால் கூடை தயார். ஓரத்தைச் சீராக்கி, உள்ளேயும் ஒரு பூச்சு கொடுப்பார்கள். வெளிப்பக்கம் வண்ணத்தாள் ஒட்டுவதும், பூவும் கொடியும் வரைவதும் அவரவர் கைவண்ணம். அரிசி, பருப்பு, வற்றல் என்று காய்ந்த பொருள்களைப் போட்டு வைப்பார்கள். ஓலை முறத்தின் இண்டு இடுக்கை அடைக்கவும் இதே கூழ்தான்.

காகிதத்தில் நாற்காலி

இதே காகிதத்தில் இங்கிலாந்தில் மேஜை, நாற்காலியே செய்தார்கள். பர்மிங்காமைச் சேர்ந்த ஹென்றி கிளே 1772-ல் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். அவர் காகிதத்தை அரைக்கவில்லை. தாள் மேல் தாளாகப் பசை போட்டு ஒட்டி, எண்ணெயில் ஊற வைத்து, சூட்டில் உலர்த்தினார். அந்தப் பலகையை மரம் போலவே அறுக்கலாம், இழைக்கலாம். தட்டு, மேஜை, குதிரை வண்டியின் பக்கப் பலகை என்று எல்லாமே அதில் வந்தன.

அடுத்து வந்தது ஜென்னன்ஸ் அண்ட் பெட்ரிட்ஜ் நிறுவனம். சிப்பியின் உள்தோலை மெல்லிய தகடாக்கிப் பதிக்கும் முறைக்கு 1825-ல் அவர்கள் காப்புரிமை பெற்றார்கள். பளபளக்கும் கறுப்புப் பூச்சு, அதில் மின்னும் சிப்பிப் பூ, சுற்றிலும் தங்கக் கோடு! 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அவர்களுடைய காகித நாற்காலியும் இடம்பெற்றது. இன்று இந்த வகைச் சாமான்கள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் நாட்டிலும் காஷ்மீரின் காகிதக்கூழ்ப் பெட்டிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே உருவம் செய்பவர் ஒருவர், சித்திரம் தீட்டுபவர் இன்னொருவர். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையிலும் நவராத்திரி கொலுவிலும் காகிதக் கூழை நாமும் பார்த்திருக்கிறோம். செட்டிநாட்டு ஓலைக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. காகிதக் கூடைக்குத்தான் இன்னும் கேட்பாரில்லை.

கூடை வீட்டில் இருந்தால்...

* ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தண்ணீர் பட்டால் மறுபடியும் கூழாகிவிடும். மெல்லிய, காய்ந்த பிரஷ் போதும்.

* விளிம்பைப் பிடித்துத் தூக்காமல், அடியில் இரண்டு கையும் கொடுத்து எடுங்கள்.

* தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். ஈரமும் கரையானும் ஏறும். பலகை மேல் வையுங்கள்.

* பழைய சித்திரம் மங்கியிருந்தால் அப்படியே விடுங்கள். மேலே புது பெயின்ட் அடித்தால், அன்று வரைந்த கை மறைந்துவிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் ஆச்சியிடமோ அப்பத்தாவிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வெந்தயம் எவ்வளவு, எத்தனை நாள் வெயில், எந்தப் பானை என்பதெல்லாம் அவர்களுக்குக் கைக்கணக்கு. எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஒரு கட்டு பழைய பேப்பரும் ஒரு கைப்பிடி வெந்தயமும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கிரைண்டரில் அரைத்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்!