வயிற்றுப் புற்றும் வம்ச சாபமும்

வயிற்றுப் புற்று என்பது பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்களுக்கு வருகின்ற வியாதி. ஆகையால் இருபது முப்பது வயதுள்ள ஒருவர் அதனால் இறந்துபோனால், அதற்கு வியாதியல்லாத ஏதோ ஒரு காரணத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் அப்படிப் போய்விட்டாலோ கேட்கவே வேண்டியதில்லை. குலதெய்வக் குற்றம் என்பான் ஒருவன். முன்னோர் செய்த பாவம் என்பான் மற்றொருவன். பரிகாரச் செலவுக்கு ஜாபிதா எழுதிக்கொண்டு மூன்றாமவன் வந்து நிற்பான்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய சங்கதியல்ல. நியூசிலாந்து தேசத்தில் பூர்வ குடிகளாகிய மாவோரி மக்களில் ஒரு பெரிய குடும்பம் உண்டு. முப்பது வருஷ காலத்துக்குள் அக்குடும்பத்தில் 25 பேருக்கு மேல் வயிற்றுப் புற்றால் மாண்டார்கள். அவர்களில் மிகவும் இளைய பிள்ளைக்கு வயது 14. தங்கள் வம்சத்தின் மேல் சாபம் விழுந்துவிட்டதாக அவர்களிலும் சிலர் நம்பித்தான் இருந்தார்கள்.

ஆனால் அவர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. 1990களில் அவர்களே ஒடாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாய் வைத்திருந்த வம்சாவளியை எடுத்துச் சொல்லி, யார் யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று கணக்குக் கொடுத்தார்கள். சோதனைக்கு ரத்தமும் கொடுத்தார்கள். பாரி கில்ஃபோர்டு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1998ல் விடையை வெளியிட்டார்கள். சாபமென்று சொல்லப்பட்டது சி.டி.எச்.1 என்னும் ஒரு மரபணுவிலுள்ள பிழையே என்று தெரிந்தது.

உடம்பிலுள்ள நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை போன்ற ஒரு பொருளைச் செய்வது அம்மரபணுவின் வேலை. அது கெட்டால் ஒட்டு விட்டுப்போகும். புற்று ஒரு கட்டியாகத் திரளாமல், தூவிய விதைபோல வயிற்றுச் சுவருக்குள் பரவும். குழாய் விட்டுப் பார்த்தாலும் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். பிழையுள்ள தாயோ தகப்பனோ பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. ஆண், பெண், நல்லவன், கெட்டவன் என்ற பேதம் அதற்குக் கிடையாது. அப்படியானால் சாபம் கொடுத்த தெய்வம் காசைச் சுண்டிப் பார்த்தா ஆளைப் பொறுக்கியது என்று கேட்கின்றோம்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. அது சுலபமானதென்று நாம் சொல்ல மாட்டோம். ரத்தத்தைச் சோதித்துப் பிழை இல்லையென்றால் அந்தப் பயம் அன்றோடு ஒழிந்தது. இருந்தால், புற்று தலைகாட்டும் முன்னரே இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டு, உணவுக் குழலைக் குடலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். பிறகு கொஞ்சங் கொஞ்சமாய்ப் பல வேளை சாப்பிட வேண்டும். ஆயுள் முழுதும் பி12 சத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். கஷ்டந்தான். ஆனாலும் உயிரோடிருந்து படுகிற கஷ்டம். நோயே இல்லையென்று எண்ணி எடுத்த இரைப்பைகள் பலவற்றில் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும் புற்றுகள் இருந்திருக்கின்றன.

நிற்க. வாலிபர்களுக்கு வரும் வயிற்றுப் புற்றெல்லாம் இந்த மரபணுவால் வருவதல்ல, இது சொற்பமே. வயிற்றுப் புற்றுக்குப் பெருங் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மார்ஷல், வாரன் என்ற இரு வைத்தியர்கள் அதைக் கண்டு சொன்னபோது நம்புவாரில்லை. 1984ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் அதைப் புற்றுண்டாக்கும் கிருமியென்று ஒப்புக்கொண்டது. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரைகளாலேயே ஒழிக்கக்கூடிய கிருமி அது.

வாலிபர்களுக்கு வருவதில் முன் சொன்ன தூவிப் பரவும் ஜாதியே அதிகம். பெண்களின் பங்கும் முதியோரில் உள்ளதைவிட அதிகம். ஆனாலும் அநேகர் சாவது நோயின் கொடுமையால் மாத்திரமல்ல, நாள் கடத்துவதாலுந்தான். சிறு வயதுக்காரனுக்குப் புற்று எங்கே வரப்போகிறது, வாயுவாயிருக்கும், புளியேப்பமாயிருக்கும் என்று சூரணமும் மாத்திரையும் தின்று மாதங்களைப் போக்குகிறார்கள். வைத்தியர்களிலும் அப்படிச் சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. அமிலத்தை அடக்கும் மருந்து வலியைச் சில காலம் மறைத்தும் வைக்கும். நோய் ஒரே படியிலிருக்கும்போது கண்டுபிடித்தால் முதியோரைவிட இளையோர் மோசமாகப் போவதில்லை. ஆனால் அவர்களில் பலரை முற்றிய படியில்தான் கொண்டுவந்து போடுகிறோம்.

கல்யாணச் சடங்கில் கோத்திரத்தையும் முப்பாட்டன் பெயரையும் ஒப்பிக்கச் சொல்லும் புரோகிதன், உன் பாட்டி எந்த வயதில் எந்த வியாதியால் செத்தாள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? தோழர்களே, அதை நீங்கள் கேளுங்கள். வீட்டில் வயிற்றுப் புற்றால் இளமையில் இறந்தவர் இருந்தால், பெயரும் வயதும் எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள். எவருக்காயினும் காரணமின்றி உடம்பு இளைத்தாலும், இரண்டு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிட்டாலும், மலம் கருத்துப் போனாலும், வயது இருபத்தைந்துதானே என்று இராமல், குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று வாய் திறந்து கேளுங்கள்.